அந்தோனியோ லோபஸுக்கு என்று ஒரு பாணி உண்டா, இல்லையா?

கரித்துண்டு | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். ஃபேஷன் டிசைன் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஒரு ஃபேஷன் ஓவியரை எடுத்துக்கொண்டு அவருடைய பாணியைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். கூடவே அந்தப் பாணியில் ஐந்து படங்களும் வரைந்து கொடுக்க வேண்டும். எல்லோரும் சொல்கிற பெயர்தானே, சுலபமாக முடித்துவிடலாம் என்று அந்தோனியோ லோபஸ் பெயரைக் கொடுத்துவிட்டேன். இப்போது முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

1960களின் நடுவில் அவர் வரைந்தவற்றைப் பார்த்தால் பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னாந் லெஜேயின் ஓவியத்தில் வருகிற மாதிரி கையும் காலும் உருளை உருளையாக, தடித்த கறுப்புக் கோட்டுடன் இருக்கின்றன. இரண்டு மூன்று வருடம் தள்ளினால் கூந்தல் வளைந்து நெளிகிறது, நிறம் கண்ணைப் பறிக்கிறது. 70களில் பென்சிலை எடுத்துக்கொண்டு மூச்சுவிடுகிற மாதிரி மெல்லிய கோடு. 80களில் மிசோனி என்ற இத்தாலியப் பின்னலாடை நிறுவனத்துக்கு வரைந்தவை முற்றிலும் வேறு. பெயரை மறைத்துவிட்டுக் காட்டினால் நாலு பேர் வரைந்தது என்றுதான் சொல்வேன்.

இவருக்குப் பாணி என்று ஒன்று இருக்கிறதா? இல்லையென்றால் நான் எதை வைத்து எழுதுவது?

பழைய தூரிகை | செவ்வாய், இரவு 9.40

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

ஜவுளிக்கடை விளம்பரம், காலண்டர், பேனர் என்று முப்பத்தைந்து வருடம் வரைந்து பிழைத்தவன் நான். எங்கள் தொழிலில் பாணி என்றால் நடை மாதிரி. இருட்டில் வந்தாலும் நடக்கிற சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிட வேண்டும். ஃபேஷன் ஓவியர் ரெனே க்ருவோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1909இல் இத்தாலியின் ரிமினியில் பிறந்தவர். அப்பா பிரபு வம்சம், ஆனால் அவர் தொழிலுக்கு வைத்துக்கொண்டது பிரெஞ்சுக்கார அம்மாவின் குடும்பப் பெயரை. 1947இல் மிஸ் டியோர் வாசனைத் திரவியத்துக்காக ஒரு அன்னத்தை வரைந்தார். கழுத்தில் முத்துமாலை, ஒரு கறுப்பு ரிப்பன் முடிச்சு. படத்தில் பெண்ணே கிடையாது, ஆனால் ஒரு பெண்ணைப் பார்த்த நினைவுதான் மனதில் நிற்கும். அப்புறம் சிறுத்தையின் பாதத்தின் மேல் வைத்த ஒரு பெண்ணின் கை. சிவப்பு, கறுப்பு, மிச்சத்துக்குக் காகிதத்தின் வெள்ளை. 'ஜி' எழுத்தும் ஒரு நட்சத்திரமும் சேர்ந்த அந்தக் கையெழுத்தை அழித்துவிட்டாலும் தெருவின் மறுமுனையிலிருந்து க்ருவோ என்று சொல்லிவிடலாம். 95 வயது வரை வாழ்ந்தார், கோடு மாறவில்லை.

லோபஸ் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம் சாய்ந்தவர். லெஜே பிரபலமா, லெஜே. பாப் ஓவியமா, அது. எனக்கு அது கொஞ்சம் கடை வைத்திருப்பவர் வேலை மாதிரி படுகிறது.

கரித்துண்டு | செவ்வாய், இரவு 9.48

தங்கைதான் சார். க்ருவோவை எடுத்திருக்கலாம் போல. பெயரை மாற்றக் கடைசித் தேதி முடிந்துவிட்டது :(

மொட்டைப் பென்சில் | செவ்வாய், இரவு 9.55

மாற்றாதீர்கள். க்ருவோவை எழுதினால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

ஊசிமுனை | செவ்வாய், இரவு 11.20

இப்போதுதான் கடை பூட்டிவிட்டு வந்தேன். பழைய தூரிகை சார் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை இல்லை. நான் ஓவியர் கிடையாது, தைக்கிறவள். அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

கரித்துண்டு, முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். 1943இல் புவெர்ட்டோ ரிக்கோவில் உட்டுவாடோ என்ற மலைப்பக்கத்து ஊரில் பிறந்தார். ஏழு வயதில் குடும்பம் நியூ யார்க்குக்குக் குடியேறியது. அம்மா தையல்காரர். அப்பா கடைகளில் உடை மாட்டி நிறுத்துகிற பொம்மைகள் செய்கிறவர். பையன் தெருவில் சுற்றாமல் இருக்கட்டும் என்று அம்மா தன் எம்பிராய்டரிக்குப் பூ வரைந்து தரச் சொல்லுவாராம். அப்பாவோடு உட்கார்ந்து பொம்மைகளின் முகத்துக்கு வர்ணம் பூசுவாராம். பன்னிரண்டு வயதில் டிராஃபகன் ஃபேஷன் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

இப்படி வளர்ந்த பிள்ளைக்கு உடை என்பது படத்தில் வருகிற ஒரு வடிவம் மட்டும் கிடையாது. உள்ளே யார் தைத்தார்கள், எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்பது கையிலேயே ஊறியிருக்கும். அவர் லெஜே மாதிரி வரைந்தாலும், கார்ட்டூன் மாதிரி வரைந்தாலும், தோள் தையல் தோளில்தான் விழுகிறது. கெட்டித் துணி கெட்டியாக நிற்கிறது, வழுக்கும் துணி வழுக்கிக்கொண்டு போகிறது. நான் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு துணி வெட்ட முடியும். க்ருவோவின் படம் அழகுதான், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வெட்டு எங்கே என்று கேட்டால் எனக்குத் திணறும்.

இன்னொன்று, சார்லஸ் ஜேம்ஸ். கட்டுரையில் இவரை விட்டுவிடாதீர்கள். 1906இல் பிறந்த உடை வடிவமைப்பாளர். 1940, 50களில் நியூ யார்க்கின் பெரிய வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இரவு விருந்து கவுன் தைத்தவர். கவுன் என்று சொல்கிறோமே தவிர, அது கட்டடம். உள்ளே எலும்பு, அடுக்கு, கஞ்சித்துணி என்று ஒரு சாரமே நிற்கும். 1953இல் அவர் செய்த 'குளோவர் லீஃப்' கவுனை மேலிருந்து பார்த்தால் நாலு இதழ் விரிந்த இலை மாதிரி இருக்கும். அந்தப் பாவாடை நிற்பதற்கு அடியில் எத்தனை அடுக்கு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வியாபாரம் நொடித்து, கடைசிக் காலத்தில் நியூ யார்க்கின் செல்சீ ஹோட்டலில் வந்து தங்கியிருந்தார், 1978இல் இறந்தார். லோபஸ் 60களின் நடுவிலிருந்து பல வருடம் இவருடைய உடைகளை, இவர் பக்கத்தில் இருக்கும்போதே, மாடல்களுக்கு உடுத்தி வரைந்தார். தன் வேலை அழிந்துவிடக் கூடாது என்கிற பதைப்பு ஜேம்ஸுக்கு. அப்போது லோபஸுக்கு இருபதுகள்தான். உலகமே குட்டைப் பாவாடையின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், யாருக்கும் வேண்டாத ஒரு கிழவரின் கவுனை மடிப்பு மடிப்பாக வரைந்துகொண்டிருந்திருக்கிறார். காற்றடித்த பக்கம் சாய்கிறவர் செய்கிற வேலையா இது?

பழைய தூரிகை | புதன், காலை 6.30

ஊசிமுனை அம்மா, ஜேம்ஸ் விஷயம் நல்ல அடி. 'கடை வைத்திருப்பவர்' என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாணி விஷயத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை. வெட்டு சரியாக இருப்பது திறமை. பாணி வேறு.

பிலிம்ரோல் | புதன், காலை 10.05

புகைப்படக்காரன் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

லோபஸ் தொழிலுக்கு வந்த நேரத்தைப் பாருங்கள். வோக் ஃபேஷன் இதழ் 1932லேயே வண்ணப் புகைப்படத்தை அட்டையில் போட்டுவிட்டது. அதற்கடுத்த முப்பது வருடத்தில் பத்திரிகைப் பக்கங்களிலிருந்து ஓவியர்கள் ஒவ்வொருவராக ஓரம் போனார்கள். 1962 வாக்கில் இவர் ஃபேஷன் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் படிப்பை விட்டுவிட்டு விமன்ஸ் வேர் டெய்லி நாளிதழுக்கு வரையப் போனபோது பத்தொன்பது வயது. கொஞ்ச நாளில் நியூ யார்க் டைம்ஸ். கேமராவிடம் தோற்றுக்கொண்டிருந்த ஒரு தொழிலுக்குள் நுழைகிறார். பழைய நேர்த்தியையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தால் அவரையும் ஓரம் கட்டியிருப்பார்கள். கேமராவால் செய்ய முடியாததை ஒவ்வொரு முறையும் செய்து காட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் இந்த மாறல் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், 70களில் அவரே கேமராவை எடுத்துக்கொண்டார். பெரிய கேமரா கிடையாது. சுற்றுலா போகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்கிற கோடாக் இன்ஸ்டமேட்டிக், சதுரப் படம். ஒரே ஆளைத் தொடர்ச்சியாக எடுத்து, ஒரு பக்கத்தில் ஒன்பது ஒன்பதாக ஒட்டி வைப்பார். ஒருத்தி சாக்லேட் உறைக்குள் சுற்றிக் கிடப்பாள், இன்னொருத்தி தண்ணீருக்குள். ஓவியர் எடுத்த புகைப்படம் என்பது பார்த்தாலே தெரியும், எல்லாமே ஒரு கோட்டுக்காக எடுத்தது.

கிளைக்கதை ஒன்று: நியூ யார்க் தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டே உடைகளைப் படமெடுத்த பில் கன்னிங்ஹாம் இருக்கிறாரே, அவருக்கு அந்தக் கேமரா வந்த வழியிலும் லோபஸ் இருக்கிறார். 1966 வாக்கில் லண்டனில் லோபஸும் கன்னிங்ஹாமும் டேவிட் மான்ட்கொமரி என்ற புகைப்படக்காரரோடு சாப்பிடப் போயிருக்கிறார்கள். எனக்கும் படமெடுக்க ஆசை என்று கன்னிங்ஹாம் சொல்ல, சில மாதம் கழித்து நியூ யார்க் வந்த மான்ட்கொமரி ஒரு சின்ன ஒலிம்பஸ் பென் கேமராவைக் கொடுத்து, இதைக் குறிப்பு நோட்டு மாதிரி வைத்துக்கொள் என்றாராம். விலை 35 டாலர் அளவுதான். கன்னிங்ஹாமே எழுதியிருக்கிறார்.

இரட்டை நூல் | புதன், மதியம் 1.15

இத்தனை பேர் எழுதியும் ஒருவர்கூட ஹுவான் ராமோஸ் பெயரைச் சொல்லவில்லையே.

கரித்துண்டு | புதன், மதியம் 1.30

யார் அவர்? அவருடைய துணைவர் என்று ஓரிடத்தில் படித்தேன். அவ்வளவுதான் தெரியும்.

இரட்டை நூல் | புதன், மாலை 4.50

அலுவலகத்தில் இருந்ததால் முழுதாக எழுத முடியவில்லை.

ஹுவான் ராமோஸும் புவெர்ட்டோ ரிக்கோக்காரர்தான். இருவரும் சந்தித்தது அந்த ஃபேஷன் இன்ஸ்டிடியூட்டில். கொஞ்ச காலம் காதலர்கள், அதற்குப் பிறகும் கடைசிவரை கூட்டாளிகள். பென்சில் பிடிப்பது லோபஸ். என்ன வரையலாம், எந்தக் காலத்து ஓவியத்திலிருந்து எதை எடுக்கலாம், நிறம் என்ன, பக்கத்தில் எங்கே வெற்றிடம் விடலாம் என்பதெல்லாம் ராமோஸ். சினிமா, கலை வரலாறு, பழைய விளம்பரம் எல்லாவற்றையும் தேடிக்கொண்டு வந்து போடுகிறவர். படத்தின் கீழே 'அந்தோனியோ' என்று மட்டும் இருக்கும். அந்த ஒற்றைப் பெயருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள்.

இப்போது கரித்துண்டின் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். நாலு பேர் வரைந்த மாதிரி இருக்கிறது என்கிறார். வருடா வருடம் மாறியது லோபஸின் கையா, ராமோஸின் மூளையா? என் பதில்: மாறிக்கொண்டே இருந்தது ராமோஸ் தேடிக் கொண்டுவந்தது. மாறாமல் இருந்தது லோபஸ் பார்த்த விதம். ஊசிமுனை அக்கா சொன்ன தோள் தையல் அந்த மாறாத பாதியைச் சேர்ந்தது.

பழைய தூரிகை ஐயாவுக்கு: க்ருவோ தனி ஆள், அவர் கடையில் ஒரே நடைச் சத்தம். இங்கே இரண்டு பேர் நடக்கிறார்கள்.

பழைய தூரிகை | புதன், இரவு 8.10

இதை நான் இப்படி யோசித்ததில்லை. எங்கள் காலத்திலும் ஸ்டூடியோவில் லேஅவுட் போடுகிறவர் ஒருவர், முகம் எழுதுகிறவர் ஒருவர், எழுத்து எழுதுகிறவர் ஒருவர் என்று இருந்தோம். கீழே முதலாளி பெயர் மட்டும் இருக்கும். எழுத்து எழுதியவன் நான்தான் பல வருடம். அதனால் ராமோஸ் பக்கம் சாய்வது எனக்குச் சுலபம் :)

ஒரு கேள்வி. 'பார்த்த விதம்' என்கிறீர்கள். அது வழவழ கொழகொழவென்று இருக்கிறது. பிடித்துக் காட்ட முடியுமா?

மொட்டைப் பென்சில் | புதன், இரவு 8.45

காட்டலாம் சார். எதிரே ஆள் இல்லாமல் அவர் வரைவதே கிடையாது. எங்களுக்கு வகுப்பில் ஒன்பது தலை அளவு என்று ஒரு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார்கள். நிஜ மனுஷ உடம்பு ஏழரைத் தலை உயரம். ஃபேஷன் படத்தில் கால்களை இழுத்து ஒன்பது தலை ஆக்குவோம். அந்த ஒரே பொம்மையை வைத்துக்கொண்டு உடையை மட்டும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டே போகலாம். எல்லாப் பெண்ணும் ஒரே பெண். லோபஸும் இழுக்கிறார்தான், ஆனால் எதிரே நிற்கிறவளிடம் எது நீளமோ அதைத்தான் இழுக்கிறார். அவருடைய மாடல்களையே பாருங்கள். பேட் கிளீவ்லண்டை வரைந்தால் கையும் விரலும் பறக்கும். கிரேஸ் ஜோன்ஸ் என்றால் தாடையும் தோளும் கல்லில் வெட்டின மாதிரி. ஜெரி ஹால் என்றால் முடியும் காலும் பக்கத்தை விட்டு வெளியே ஓடும். படத்தின் மோஸ்தர் எதுவாக இருந்தாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். சார் க்ருவோவைத் தெருமுனையிலிருந்து அடையாளம் கண்டுபிடிப்பார். லோபஸின் படத்தில் நான் அந்தப் பெண்ணை அடையாளம் கண்டுபிடிப்பேன்.

பிலிம்ரோல் | புதன், இரவு 9.00

சரியான போடு.

வெள்ளாவி | புதன், இரவு 10.30

புதிதாக உள்ளே வருகிறேன். லோபஸ் வரைந்த மாடல்களை 'அந்தோனியோவின் பெண்கள்' என்று சொல்கிற பேச்சு வந்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஜெரி ஹாலைக் கண்டுபிடித்தார், கிரேஸ் ஜோன்ஸைக் கண்டுபிடித்தார், ஜெசிகா லாங்கைக் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறார்கள். தரையில் கிடந்த சில்லறையா கண்டுபிடிக்க? ஜெரி ஹால் டெக்சஸிலிருந்து பதின்ம வயதில் தன் துணிச்சலில் பாரிஸுக்கு வந்தவர். கிரேஸ் ஜோன்ஸை யாரும் உருவாக்கியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1982இல் வந்த லோபஸின் புத்தகத்தின் பெயரே 'அந்தோனியோவின் பெண்கள்'தான். நல்ல பெயர் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரட்டை நூல் | புதன், இரவு 11.05

ஞாயமான எரிச்சல். 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை நானும் விரும்புவதில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகைப் பக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கார முகமும் ஒரே மாதிரி மூக்கும் தவிர வேறு எதற்கும் இடமில்லாத இடத்தில், 60களிலேயே கறுப்பினப் பெண்களையும் லத்தீன் பெண்களையும் நடுநாயகமாக வரைந்து அச்சுக்கு அனுப்பினார்கள் இந்த இரண்டு பேரும். பேட் கிளீவ்லண்ட், டோனா ஜோர்டன், டீனா சௌ என்று அந்த அறையில் இருந்தவர்கள் ஒரு அச்சில் வார்த்தவர்கள் இல்லை.

1969இல் இருவரும் பாரிஸ் போனார்கள். கார்ல் லாகர்ஃபெல்ட் அப்போது க்ளோயே என்ற உடை நிறுவனத்துக்கு வடிவமைத்துக்கொண்டிருந்தார். அவருடைய குடியிருப்பு ஒன்றில் தங்கிக்கொண்டு, பகலில் தூங்கி, இரவு கஃபே த ஃப்ளோர், கிளப் செப்த் என்று சுற்றி, விடியும்வரை வரைவார்கள். நியூ யார்க்கிலிருந்து தோழிகளும் கூடவே வந்து சேர்ந்தார்கள். அறையில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், வருகிறவர் போகிறவர் எல்லோரும் ஏதாவது உடுத்திப் பார்ப்பார்கள். லாகர்ஃபெல்ட் அங்கிருந்து எடுத்துக்கொண்டதும் கொஞ்சநஞ்சம் இல்லை என்பது என் எண்ணம். 70களின் நடுவில் நியூ யார்க்குக்குத் திரும்பிவிட்டார்கள்.

வெள்ளாவி | புதன், இரவு 11.20

அந்த அறை இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கிய அறை என்றால் ஒத்துக்கொள்கிறேன். கரித்துண்டு, கட்டுரையில் அந்தப் பெண்களின் பெயரைப் படத்தின் கீழே தவறாமல் எழுதுங்கள். 'மாடல்' என்று மட்டும் போடாதீர்கள்.

கரித்துண்டு | வியாழன், காலை 7.50

எழுதுகிறேன் அக்கா. எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். 80களில் என்ன ஆனது? அந்தப் பகுதி எனக்கு மங்கலாக இருக்கிறது.

மொட்டைப் பென்சில் | வியாழன், காலை 9.15

மிலானில் ஆன்னா பியாஜி நடத்திய 'வேனிட்டி' பத்திரிகையைப் பாருங்கள். 80களின் தொடக்கத்தில் சில வருடம்தான் வந்தது. புகைப்படத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஓவியத்தை நம்பி நடத்தினார்கள். அட்டையும் உள்ளே பெரும்பகுதியும் லோபஸ். மிசோனி விளம்பரத்தில் அந்தப் பின்னல் துணியின் கோடுகளை வரைந்திருக்கிறாரே, அது மட்டுமே ஒரு பாடம். பெண் செருப்பாக மாறுகிற மாதிரி ஒரு வரிசை வரைந்திருக்கிறார், அதையும் பாருங்கள். குதிகால் எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. 1985இல் ஆயிரத்தொரு இரவுகள் கதைகளுக்குப் படம் வரைந்த புத்தகம் வந்தது.

அப்புறம் அவ்வளவுதான். 1987 மார்ச் 17, லாஸ் ஏஞ்சலஸ். எய்ட்ஸ். வயது 44. ராமோஸும் 1995இல் அதே நோயில் போனார்.

பழைய தூரிகை | வியாழன், காலை 9.40

44 வயதா. நான் முதல் கடை போட்டதே 41இல்.

க்ருவோவுக்கு மாறாத கோடு கிடைத்ததற்கு 95 வயதும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பையன் நின்று நிதானித்து ஒரு கோட்டில் குடியேறியிருப்பானா என்பது தெரியாமலே போய்விட்டது.

இரட்டை நூல் | வியாழன், காலை 10.10

குடியேறியிருக்க மாட்டார் ஐயா :) ராமோஸ் விட்டிருக்க மாட்டார்.

நல்லவேளையாக வேலை சிதறவில்லை. ராமோஸின் துணைவரான ஓவியர் பால் கரானிகாஸ் அத்தனையையும் பாதுகாத்து வைத்தார். 2016இல் நியூ யார்க்கில் எல் மியூசியோ தெல் பாரியோவில் பெரிய கண்காட்சி நடந்தது. ஏழு வயதில் அந்தக் குடும்பம் வந்து இறங்கிய ஸ்பானிஷ் ஹார்லம் பகுதியின் அருங்காட்சியகம் அது. கரித்துண்டு, படங்களைத் தேடுவதற்கு அந்தக் கண்காட்சியிலிருந்து தொடங்கினால் வசதி.

ஊசிமுனை | வியாழன், இரவு 11.00

கரித்துண்டு, ஐந்து படத்தை எந்தப் பாணியில் வரைவது என்று இன்னும் குழம்பிக்கொண்டு இருக்காதீர்கள். அறைத் தோழி யாரையாவது பிடித்து நிற்கவையுங்கள். பாட்டைப் போட்டுவிடுங்கள். ஐந்து தடவை, ஐந்து உடை, ஐந்து விதமாக வரையுங்கள். போனில் படம் எடுத்து அதைப் பார்த்து வரையாதீர்கள், ஆளைப் பார்த்து வரையுங்கள். ஐந்திலும் அவள் தெரிந்தால் உங்கள் கட்டுரை முடிந்தது.

கரித்துண்டு | ஞாயிறு, மாலை 5.30

மூன்று வரைந்திருக்கிறேன். முதலாவதை இங்கே போட்டிருக்கிறேன். தோழி இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டேன் என்கிறாள். கரியில் வரைந்தது, கை கறுத்ததுதான் மிச்சம். திட்டுவதாக இருந்தால் மெதுவாகத் திட்டுங்கள்.

பழைய தூரிகை | ஞாயிறு, மாலை 6.15

முகம் நன்றாக வந்திருக்கிறது. அலட்சியமாக நிற்கிற பெண், அது தெரிகிறது. இடது கை விரல்களை அவசரத்தில் முடித்திருக்கிறீர்கள். விரலை ஒவ்வொன்றாக எழுதாமல், முதலில் கையை ஒரு கையுறை மாதிரி மொத்தமாகப் போட்டுவிட்டு அப்புறம் பிரியுங்கள்.

ஊசிமுனை | ஞாயிறு, இரவு 10.40

எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். வலது பக்கச் சட்டைக்கை மட்டும் முழங்கைக்கு மேலே முறுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி வரைந்திருக்கிறீர்களே, அது நீங்கள் சும்மா போட்டதா, நிஜமாகவே அப்படி இருந்ததா? நிஜம் என்றால் அந்தக் கையைத் துணியின் நேர் பார்க்காமல் கிராஸாக வெட்டியிருக்கிறார்கள். யார் தைத்தது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கரித்துண்டு | ஞாயிறு, இரவு 10.52

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது அக்கா. அவளே வெட்டித் தைத்ததாம், போன பருவத்துக்கு. முழுமதிப்பெண் வாங்கியிருக்கிறாள். இப்போது என்னோடு பேசுவதில்லை. நாலாவது படத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.